எலிக்குள் வைத்த குளுக்கோஸ் சென்சார்: நான்காம் நாளில் மின்னோட்டம் பாதியாகிறது, ஏன்?

முத்து_டர்பன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோவில்பட்டி, இப்போது டர்பனில் பிஎச்டி மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். உயிர்மின்வேதியியல் தெரிந்தவர்களோ, ஆய்வக விலங்குகளுக்கு அறுவை செய்து பழகியவர்களோ இங்கே இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எலியின் தோலுக்கடியில் வைக்கும் குளுக்கோஸ் சென்சார் செய்கிறேன். 0.18 மி.மீ. பிளாட்டினம்-இரிடியம் கம்பி, அதன்மேல் நாஃபியான் என்ற தடுப்புப் படலம், அதன்மேல் குளுட்டரால்டிஹைடால் பிணைத்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி, எல்லாவற்றுக்கும் மேலே பாலியூரித்தேன் படலம். குளோரைடு ஏற்றிய வெள்ளிக் கம்பியை அதைச் சுற்றி வைத்திருக்கிறேன், அதுதான் ரெஃபரன்ஸ் மின்முனை. 0.65 வோல்ட்டில் வைத்து, நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கிறேன். புதிதாக ஒன்றும் இல்லை, கிளார்க்கும் லையன்ஸும் 1962இல் தொடங்கி வைத்த பாதையில் வந்த வழக்கமான அமைப்புதான். கம்பியின் பின்னால் ஒரு சின்ன போர்டு, அதில் பொட்டென்ஷியோஸ்டாட் சிப் (வோல்ட்டை நிலையாக வைத்து மின்னோட்டத்தை அளப்பது), புளூடூத், பட்டன் பேட்டரி. எல்லாம் சேர்ந்து எபாக்ஸிக்குள் 4 கிராம். எலிகள் ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள ஸ்பிராக்-டாலி இன ஆண் எலிகள், ஆகவே எடை ஒரு பிரச்சினை இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை அளவு வருகிறது. கூண்டின் எஃகு மூடிக்கு மேலே ரிசீவரை வைத்தபோது பாதி அளவுகள் தொலைந்தன. பக்கவாட்டில், பிளாஸ்டிக் சுவரை ஒட்டி மாற்றி வைத்ததும் சரியாகிவிட்டது.

இதை ஏன் செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் நீரிழிவு எலிகளுக்கு வாலில் குத்தித்தான் சர்க்கரை பார்க்கிறார்கள். ஒரு நாளில் ஆறு முறைகூட. குத்தப் போகும்போது எலியின் விலா என் உள்ளங்கையில் படபடவென்று அடிப்பது தெரியும். அந்தப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடுகிறது, பிறகு நாம் எதை அளக்கிறோம்? சென்சார் ஒழுங்காக வேலை செய்தால் குத்துவதும் குறையும், எலிகளின் எண்ணிக்கையும் குறையும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். 37 டிகிரி பிபிஎஸ் (உடல்நீரை ஒத்த உப்பு) கரைசலில், 5.5 மில்லிமோல் குளுக்கோஸில் இந்தச் சென்சார்கள் 15 முதல் 17 நானோ ஆம்பியர் தருகின்றன. (ஊரில் இருப்பவர்களுக்கு: 5.5 என்றால் 100 மி.கி. இங்கே எல்லாம் மில்லிமோல் கணக்குதான், 18ஆல் பெருக்கிக் கொள்ளுங்கள்.) மூன்று வாரம் வைத்தாலும் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. எலிக்குள் வைத்ததும் முதல் மூன்று நாள் அருமையாக ஓடுகிறது: பகலில் 26, 28, இரவில் 38 வரை ஏறி இறங்குகிறது. எலி இரவில்தானே சாப்பிடும், அதனால் இரவு ஏற்றத்தைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தேன். நான்காம் நாள் சரிவு. ஐந்தாம் நாள் 12, 13. அப்புறம் அப்படியே கிடக்கிறது, இரவு ஏற்றமும் ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. வாலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை எல்லா நாளும் 6ஐ ஒட்டியேதான் இருக்கிறது. இவை நீரிழிவு ஏற்றாத எலிகள்.

நான்கு எலிகளில் மூன்றில் இதே கதை. மூன்றாம் எலி மட்டும் முதல் நாளிலிருந்தே 13, 14தான். அந்தச் சென்சார் செய்யும்போதே கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் எடுத்த சென்சார்களைக் கழுவி மறுபடி பிபிஎஸ்ஸில் போட்டால் 14, 15 வருகிறது. அதாவது நொதி சாகவில்லை. என் வழிகாட்டி திசு மூடிக்கொள்வதுதான் காரணம் என்கிறார், டெக்ஸாமெத்தசோன் (அழற்சியை அடக்கும் மருந்து) கசியும் படலம் போடச் சொல்கிறார். அதற்கு ஆறு மாதம் ஆகும். அதில் இறங்கும் முன் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன்.

---

ஜோபர்க்_சாலிடர்:

டர்பன் என்று படித்ததும் எனக்கு முதலில் ஈரம்தான் நினைவுக்கு வந்தது. ஜனவரியில் அங்கே திறந்து வைத்த போர்டின்மேல் விரல் வைத்தால் ஒட்டும். எபாக்ஸி நீரைத் தடுக்காது தம்பி, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். போர்டை முதலில் ஐசோப்ரோப்பனாலில் கழுவி, அடுப்பில் உலர்த்தி, பாரிலீன் என்ற மெல்லிய காப்புப் படலம் பூசி, அதற்குமேல் எபாக்ஸி ஊற்றுங்கள். சாலிடர் ஃப்ளக்ஸ் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் அது உப்புநீரை உறிஞ்சிக் கடத்தும் பாதை ஆகிவிடும்.

ஒரு கணக்கு: கம்பிக்கும் ரெஃபரன்ஸுக்கும் இடையில் 100 மெகாஓம் கசிவு இருந்தால் 0.65 வோல்ட்டில் 6.5 நானோ ஆம்பியர். உங்கள் சிக்னலில் ஏறக்குறைய பாதி! மெகர் (காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்து வீட்டு ஒயரிங் பார்ப்பவருக்கு 100 மெகாஓம் என்றால் பிரமாதம், நமக்கு அது பெரிய ஓட்டை.

ஆனால் எழுதிக்கொண்டே யோசித்தால், கசிவு மின்னோட்டத்தைக் கூட்டும், குறைக்காது. அதுவும் நாளாக ஆகத்தான் கூடும். உங்களுடையது தலைகீழாக இருக்கிறது. பூச்சைச் சரி செய்யுங்கள், ஆனால் நான்காம் நாள் சரிவுக்கு இது விடை இல்லை.

---

பிளாட்டினம்_பிரிட்டோரியா:

முத்து, உங்கள் எண்களை இரண்டு முறை படித்தேன். கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நான்காம் நாள் ஏன் குறைந்தது என்று கேட்கிறீர்கள். முதல் மூன்று நாள் ஏன் கூடியது?

பாட்டிலில் 5.5 மில்லிமோலுக்கு 16 நானோ. எலியின் ரத்தத்தில் 6. அப்படியானால் உடலுக்குள் அதிகபட்சம் 17, 18 வரலாம். உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் வர வேண்டும். பாட்டிலில் தடையில்லாத கரைசல், உடலுக்குள் வைத்த சில நிமிடங்களிலேயே புரதம் படிந்துவிடும், பின்னாலேயே வெள்ளை அணுக்கள் வந்து சேரும். நான் பார்த்த சென்சார்கள் எல்லாம் வைத்த முதல் நாளிலேயே பாட்டில் அளவைவிடக் கொஞ்சம் கீழேதான் உட்காரும். உங்களுடையது 28இலும் 38இலும் நிற்கிறது. அது குளுக்கோஸாக இருக்க முடியாது. ஐந்தாம் நாள் வந்த 12, 13தான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. நீங்கள் ஒதுக்கி வைத்த மூன்றாம் எலியும்தான்.

ஆக்சிஜனையும் யோசித்தேன். இந்த வகை நொதிக்கு ஒரு குளுக்கோஸுக்கு ஓர் ஆக்சிஜன் வேண்டும். திசுவில் குளுக்கோஸ் 5 மில்லிமோல் அளவில் இருக்கிறது, ஆக்சிஜனோ காற்றோடு சமநிலையில் உள்ள 37 டிகிரி நீரில்கூட 0.2தான், தோலுக்கடியில் இன்னும் குறைவு. அதனால்தான் மேலே பாலியூரித்தேன் போட்டுக் குளுக்கோஸை மட்டும் நெருக்குகிறோம். மயக்க மருந்தான ஐசோஃபுளுரேனைத் தூய ஆக்சிஜனில் கலந்து கொடுப்பீர்கள், அப்போது அளவு மாறலாம். ஐசோஃபுளுரேனே சர்க்கரையையும் ஏற்றும். மயங்கிக் கிடக்கும் எலியை வைத்துக் காலிபரேஷன் செய்யாதீர்கள். ஆனால் இதெல்லாம் மயக்கம் தெளிந்த ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் கதை. மூன்று நாள் நீடிக்காது.

அப்படியானால் 0.65 வோல்ட்டில் பிளாட்டினத்தின்மேல் நேராக எரியும் (அதாவது ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்னோட்டம் தரும்) வேறு ஏதோ ஒன்று மூன்று நாள் அந்த உடம்பில் இருந்திருக்கிறது. அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம் என்றால் நாஃபியான் தடுக்கும், அவை எதிர்மின் சுமை கொண்டவை, நாஃபியானும் அப்படியே. (எலி தன் வைட்டமின் சியைத் தானே கல்லீரலில் செய்துகொள்ளும், ஆகவே அஸ்கார்பேட் எப்போதும் இருக்கும். மூன்று நாளில் நிற்காது.) சுமை இல்லாத மூலக்கூறுக்கு நாஃபியான் ஒரு தடையே இல்லை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, நொதி இல்லாத வெற்றுக் கம்பி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்தீர்களா? இரண்டு, அறுவைக்குப் பின் அந்த எலிகளுக்கு என்னென்ன மருந்து கொடுத்தார்கள்?

---

முத்து_டர்பன்:

சார், வெற்றுக் கம்பி வைக்கவில்லை. போர்டில் ஒரே சேனல்தான். மருந்து என்றால் அறுவை அன்று புப்ரினார்ஃபின் என்ற வலி மருந்து ஊசி போட்டோம், அது என் குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு கவனித்துக்கொண்டது விலங்குக் கூடத்து ஊழியர்கள். திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். 28 என்பது 16ஐவிடப் பெரியது என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை, சிக்னல் நன்றாக இருக்கிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

டாக்டர்_நளினி_கேப்டவுன்:

நான் கால்நடை மருத்துவர், ஆய்வக விலங்குகள்தான் என் வேலை. மேலே கேட்ட கேள்விக்கு என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன்: குடிநீரில் பாராசிட்டமால். பல இடங்களில் அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் குழந்தைகளுக்கான சிரப்பைத் தண்ணீர்ப் புட்டியில் கலந்து விடும் வழக்கம் இருக்கிறது. ஊசி குத்த வேண்டாம், எலியைப் பிடிக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வலிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. எலிக்குப் புதிய சுவை என்றால் சந்தேகம். சில எலிகள் நக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும். அறுவை முடிந்த எலி தண்ணீரும் குடிக்காமல், மருந்தும் போகாமல், மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கூண்டு அட்டையில் 'வலி மருந்து கொடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். புட்டியை எடை போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எலி பெரும்பாலும் இரவில்தான் குடிக்கும். உங்கள் இரவு ஏற்றத்தை அந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். மூன்றாம் எலியின் புட்டி எடையையும் பாருங்கள்.

இதோடு சேர்த்து வேறு சில விஷயங்கள். தம்பி, இவை உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் உங்கள் எலிகளுக்காகச் சொல்கிறேன்.

4 கிராம் எடை சரி. வடிவம்? எபாக்ஸிக்கு மூலைகள் இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் உள்ளே உரசும், உரசலே அழற்சியை நீட்டிக்கும். கட்டை விரலால் தடவிப் பார்க்கும்போது எங்கேயும் தடுக்கக் கூடாது. கருவியை வைக்கத் தோலுக்கடியில் பை வெட்டும்போது கருவிக்கு வேண்டிய அளவுக்கு மேல் பிரிக்காதீர்கள், காலி இடத்தில் நீர் கட்டும். நீர் கட்டிய இடத்தில் இருக்கும் சென்சார் திசுவை அளக்காது, அந்தக் குட்டையை அளக்கும். கருவியைத் தசையோடு இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். வெட்டிய கோட்டுக்கு நேர் கீழே சென்சார் முனை வரக் கூடாது.

கிருமி நீக்கம் எப்படிச் செய்கிறீர்கள்? ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் நொதி போய்விடும், ஆகவே 70 சதவீத ஆல்கஹால் என்று நினைக்கிறேன். அது பாக்டீரியாவைக் கொல்லும், அதன் செல் சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சை நீக்காது. சாதாரண ஆய்வகத் தண்ணீரில் கலக்கிய பிபிஎஸ்ஸில் மூன்று வாரம் கிடந்த சென்சாரை எலிக்குள் வைத்தால் அந்தப் பக்கத்துத் திசு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். குளுட்டரால்டிஹைடு மிச்சமும் திசுவைச் சுடும், நன்றாக ஊற வைத்துக் கழுவுங்கள்.

இன்னொன்று. எடுத்ததும் கழுவாதீர்கள். அடுத்த முறை சுற்றியுள்ள திசுவோடு சேர்த்து வெட்டி எடுத்து, கழுவும் முன் ஒரு முறை அளந்து, கழுவிய பின் ஒரு முறை அளந்து பாருங்கள். திசுவைப் பார்மலினில் போட்டு நோய்க்குறியியல் துறையிடம் கொடுங்கள். பத்தாம் நாளில் மேக்ரோஃபேஜ்கள் (அந்நியப் பொருளை விழுங்க வரும் செல்கள்) கூட்டமாக நிற்கும், உறை அப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கும். உங்கள் வழிகாட்டி சொல்வது பொய் இல்லை, அது மூன்றாம் நான்காம் வாரத்தில் உங்களைக் கட்டாயம் பிடிக்கும். ஆனால் நான்காம் நாளில் ஒரே இரவில் பாதியாக விழ வைக்காது.

மருந்தை மாற்றுவதென்றால் நீங்களாக மாற்றாதீர்கள். எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் போட்டு, அங்குள்ள கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சான்ஸ் 10386 (ஆய்வு விலங்குகளுக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலை) கேட்பதும் அதைத்தான். சென்சாரைக் கெடுக்கிறது என்பதற்காக வலி மருந்தையே நிறுத்தும் யோசனை யாருக்கும் வரக் கூடாது, அதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

---

சாட்ஸ்வொர்த்_செல்வி:

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. தமிழும் கோயில் வகுப்பில் பெரியவளான பிறகு படித்ததுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா சர்க்கரைக்குக் கையில் சென்சார் ஒட்டியிருக்கிறார். அதை ஒட்டிய நாளில் கிளினிக் சிஸ்டர் வேறு எந்த மருந்தையும் விட்டுவிட்டு வைட்டமின் சி மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார், நிறைய எடுத்தால் எண் பொய்யாக ஏறும் என்றார். என் மாமாவிடம் வேறு கம்பெனிச் சென்சார் இருந்தது, பழையது. அதற்குப் பனடோ (இங்கே விற்கும் பாராசிட்டமால் மாத்திரை) சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மனிதருக்கே அப்படி என்றால் எலிக்கும் இருக்கும்தானே?

---

பிளாட்டினம்_பிரிட்டோரியா:

செல்வியம்மா, இரண்டும் சரி. டெக்ஸ்காம் கம்பெனியின் ஜி5 சென்சார் வரைக்கும் பாராசிட்டமால் எச்சரிக்கை இருந்தது, பெராக்சைடை அளக்கும் வகை என்பதால். 2018இல் வந்த ஜி6இல் உள்படலத்தை மாற்றி, வழக்கமான டோஸுக்கு அந்தத் தொல்லையைத் தீர்த்தார்கள். அம்மா வைத்திருப்பது லிப்ரே என்ற சென்சார் என்று நினைக்கிறேன். அது ஆஸ்மியம் சேர்மம் வழியாகக் குறைந்த வோல்ட்டில் அளக்கிறது, பாராசிட்டமால் அங்கே எரியாது, வைட்டமின் சி எரியும்.

முத்து, இன்றைக்கே மேசைமேல் பார்த்துவிடலாம். 5.5 மில்லிமோல் குளுக்கோஸில் சென்சாரை நிலைநிறுத்தி, 0.1 மில்லிமோல் பாராசிட்டமால் விடுங்கள். சிரப் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கலாம், தூய பொடி எடுங்கள்.

---

முத்து_டர்பன்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

திங்கள் காலை விலங்குக் கூடத்தில் பழைய கூண்டு அட்டைகளைக் கேட்டேன். அங்கே பல வருடமாக வேலை செய்யும் ஓர் அண்ணன், நெகிழிக் கோப்பு ஒன்றைத் திறந்து நான்கையும் எடுத்து வைத்தார். நீல மையில், மூன்று நாளுக்கும் ஒரே வரி: 'பாராசிட்டமால், தண்ணீரில்.' கூடத்தின் பொது நடைமுறை அது. என் திட்டத்தில் 'கூடத்து வழக்கப்படி வலி நிவாரணம்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வழக்கம் என்ன என்று கேட்கவில்லை. புட்டி எடையையும் அவர் தினமும் எழுதி வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, நான்காம் எலிகள் வழக்கமான அளவு குடித்திருக்கின்றன. மூன்றாம் எலி மூன்று நாளும் அதில் கால்வாசிகூடக் குடிக்கவில்லை. நளினி அக்கா சொன்னது அப்படியே.

அதைப் படித்தபோது எனக்கு முதலில் சென்சார் நினைவு வரவில்லை. அந்த எலி மூன்று நாள் வலியோடு இருந்திருக்கிறது. அதன் வரைபடத்தை நான் 'கெட்ட சென்சார்' என்று ஒரு கோப்புறையில் தள்ளிவிட்டேன்.

அன்று மாலையே மேசையில் பார்த்தேன். 37 டிகிரி, 5.5 மில்லிமோல் குளுக்கோஸ், 15.8 நானோவில் நின்றது. பாராசிட்டமால் 0.1 மில்லிமோல் விட்டேன். திரையில் கோடு சட்டென்று எழும்பி 27இல் போய் உட்கார்ந்தது. நொதி போடாத கம்பியில் அதே அளவை விட்டாலும் ஏறக்குறைய அதே ஏற்றம். புதுக் கரைசலுக்கு மாற்றினால் பழையபடி 15.8. மூன்று முறை செய்து பார்த்தேன். புதனன்று வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான்காவது முறை தானே செய்தார். டெக்ஸாமெத்தசோன் இப்போதைக்கு இல்லை.

இரவு ஏற்றத்தையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் எலியின் இரவு ஏற்றம் ஒன்றரை நானோதான், மற்ற மூன்றிலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகு அதே ஒன்றரை. தட்டையாகிவிட்டது என்று நான் எழுதியது இதைத்தான். இரவுச் சாப்பாட்டால் வரும் உண்மையான ஏற்றம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

அடுத்த தொகுதியில் செய்யப்போவது: நாஃபியானுக்குக் கீழே கம்பியின்மேல் மெட்டா-ஃபெனிலீன்டயமின் மின்படிவு (பெராக்சைடை விட்டுப் பெரிய மூலக்கூறுகளைத் தடுக்கும் படலம்). நேற்று இரண்டு கம்பியில் போட்டுப் பார்த்ததில் பாராசிட்டமால் ஏற்றம் 11இலிருந்து ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது, பெராக்சைடு கொஞ்சம்தான் குறைந்தது. போர்டை இரண்டு சேனலாக மாற்றுகிறேன், இரண்டாவது கம்பியில் நொதிக்குப் பதில் ஆல்புமின் (குளுக்கோஸோடு வினைபுரியாத புரதம்). ஜோபர்க் அண்ணா சொன்ன பாரிலீனுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டேன், எபாக்ஸியின் மூலைகளையும் உருட்டிவிட்டேன்.

மருந்து விஷயத்தில் கூடத்து மருத்துவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். முதல் மூன்று நாள் புப்ரினார்ஃபின் நேரப்படி, கூடவே மெலாக்சிகாம் என்ற இன்னொரு வலி மருந்து, தண்ணீரில் எதுவும் கலப்பதில்லை. மெலாக்சிகாமையும் வெற்றுக் கம்பியில் சோதித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கச் சொன்னார், அது நாளைக்கு. புட்டி எடையோடு, எலியின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிடும் அட்டவணையையும் தினம் இரண்டு முறை நானே நிரப்புவதாகத் திருத்தத்தில் எழுதியிருக்கிறேன். வியாழனன்று கமிட்டிக்குப் போய்விட்டது.

அனுமதி வந்து முதல் ஐந்து நாள் அளவுகள் கிடைத்ததும் இரண்டு சேனல் வரைபடத்தையும் இதே இழையில் போடுகிறேன். மூன்றாம் எலியின் பழைய வரைபடத்தையும் சேர்த்துப் போடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க இப்போது என்னிடம் இருக்கும் ஒரே சரியான வரைபடம் அதுதான்.